வலியும் ஏலாமையும்

நாஞ்சில் நாட்டுப் பேச்சில் உடம்பின் குறைகளைச் சொல்ல இரண்டு அடிப்படைச் சொற்கள் உள்ளன. ஒன்று வலி, மற்றது ஏலாமை. ‘மேலெல்லாம் வலிக்குது’ என்று ஒருவர் சொன்னால் வீடு காதுகொடுக்கிறது. தைலம் வருகிறது, மாத்திரை வருகிறது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வருகிறது. ‘எனக்கு ஏலாது’ என்று சொன்னால் அப்படி எதுவும் நடப்பதில்லை. மனமில்லாதவரும் இதே சொல்லைத்தான் சொல்வார், மாட்டாதவரும் இதே சொல்லைத்தான் சொல்வார் என்பதால், கேட்பவர் தமக்கு வசதியான பொருளை எடுத்துக்கொள்கிறார். சோம்பல், சத்துக்குறைவு, வயசு, மனசு சரியில்லை என்று அந்தச் சொல் பலவாறாகப் பெயர்க்கப்பட்டு ஒதுக்கப்படுகிறது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் மலையாளத்துக்கும் நமக்கும் பொதுவான ‘வய்யா’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான்.

இந்த அலட்சியத்துக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரும் நோய் ஒன்று உண்டு. தசையழற்சி என்று தமிழில் சொல்லலாம். மயோசைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அந்த நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்கு வறுமை, தூரம், நிபுணர் பற்றாக்குறை ஆகியவற்றோடு மொழியும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் இதைப் பேசத் துணிவதும் அதனால்தான்.

மயோசைட்டிஸ் என்ற சொல் தமிழ்ச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது 2022 அக்டோபர் இறுதியில். சென்னைப் பல்லாவரத்தில் வளர்ந்த நடிகை சமந்தா, தமக்கு அந்த நோய் சில மாதங்களுக்கு முன்பே கண்டறியப்பட்டதாகச் சமூக ஊடகத்தில் அறிவித்தார். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் அமர்ந்திருந்த படம் பரவலாகப் பகிரப்பட்டது. சில வாரங்களுக்கு எல்லாத் தொலைக்காட்சிகளிலும் மருத்துவர்கள் வந்து விளக்கினார்கள். பிறகு அது மறந்துபோயிற்று. 2024 பிப்ரவரி 16 அன்று, ‘தங்கல்’ படத்தில் சிறுமி பபிதாவாக நடித்த சுஹானி பட்நாகர் தமது 19ஆவது வயதில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு இருந்தது டெர்மட்டோமயோசைட்டிஸ் என்னும் தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் வகை. நோயின் பெயரே கடைசி நாட்களில்தான் தெரியவந்தது என்று பெற்றோர் செய்தியாளர்களிடம் கூறினார்கள். தில்லிக்கு மிக அருகில் உள்ள ஃபரிதாபாத்தில் வாழ்ந்த குடும்பம் அது. அங்கேயே நிலைமை அப்படியென்றால், மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர் எப்போது தெரியவரும்?

நோயின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். கிருமிகளை எதிர்க்கவேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் உடலின் சொந்தத் திசுக்களைத் தாக்குவதால் வரும் நோய்களைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்கிறோம். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தைப் பலர் அறிவர். லூபஸ், ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய்களிலும் தசை பாதிக்கப்படுவது உண்டு. தசையையே முதன்மையாகத் தாக்குவது மயோசைட்டிஸ் குடும்பம். ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் வாக்னர் 1863இல் இத்தகைய நோயாளியை விவரித்தார். டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற பெயரை 1891இல் ஹைன்ரிஷ் உன்வெரிஷ்ட் இட்டார். ஆகவே இது புதிதாக முளைத்த நோய் ஆகாது. அரிய நோய் என்பது உண்மை. ஓர் ஆண்டில் பத்து லட்சம் பேரில் சிலருக்கு, மிஞ்சினால் பத்துப் பதினைந்து பேருக்கு, புதிதாக வருகிறது என்பது பொதுவான கணிப்பு. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். அந்தக் கணிப்பு இங்கும் பொருந்துமானால் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ சில வீடுகளில் இந்நோய் நுழைகிறது என்று கொள்ளவேண்டும்.

இந்நோய் முதலில் பற்றுவது உடலின் நடுப்பகுதியை ஒட்டிய பெருந்தசைகளை. தோள், மேற்கை, இடுப்பு, தொடை, கழுத்து. விரல்களும் பாதங்களும் பெரும்பாலும் பிந்தியே பாதிக்கப்படும். முதியவர்களுக்கு வரும் ஒருவகை மட்டும் இதற்கு விலக்கு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர் வாழ்க்கையைப் பார்த்தால் நோய் எங்கெங்கே தலைகாட்டும் என்பது புரிந்துவிடும். முற்றத்தில் கோலமிடக் குந்தியவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. தேவாலயத்தில் முழந்தாளிட்டவரும், பள்ளிவாசலில் சஜ்தாவிலிருந்து நிமிர்பவரும் பக்கத்திலிருப்பவரின் தோளைத் தேடுவார்கள். பேருந்தின் முதல் படி திடீரென்று உயர்ந்துவிட்டதுபோல் இருக்கும். தலைவாரக் கை உயராது. அடுக்களையில் மேல்தட்டுச் சம்படம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பால்வெட்டுக்குப் போகும் ரப்பர்த் தொழிலாளிக்குப் பத்தாவது மரத்திலேயே தோள் ஓய்ந்துவிடும். காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதே ஒரு வேலையாகும்.

ஆனால் அதே பெண் அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பின் தோலை முன்புபோலவே விரல்நுனியால் உரித்துக்கொண்டிருப்பார். பூக்கட்டுவார். கையெழுத்து மாறியிருக்காது. ‘கையும் விரலும் நல்லாத்தானே இருக்கு, இந்தக் குடத்தைத் தூக்க மட்டும் ஏலாதா?’ என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இருக்காது. ஒரே உடம்பில் ஒன்று இயலும், இன்னொன்று இயலாது என்பதை அவராலேயே நம்ப முடியாமலிருக்கும். சிலருக்குத் தசைவலி இருக்கலாம். பலருக்கு வலி பெரிதாக இராது. வலி இல்லாததால் புகார் சொல்லவும் கூச்சமாகிவிடுகிறது. குற்றவுணர்வு கொண்ட நோயாளி நோயை மறைக்கவே முயல்வார்.

தோலில் தோன்றும் அடையாளங்களுக்கும் இங்கே வேறு பெயர்கள் தயாராக இருக்கின்றன. மேலிமையில் ஊதா கலந்த நிறமாற்றமும், விரல் முட்டிகளின்மேல் தடித்த திட்டுகளும் டெர்மட்டோமயோசைட்டிசின் முக்கியமான தடயங்கள். மருத்துவ நூல்களில் காணும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் நிறத்தில் அந்த ஊதாவும் சிவப்பும் வெறும் கறுப்பாகத் தெரியும். இமைக் கருமையைத் தூக்கமின்மை என்பார்கள், கன்னத்தில் படர்ந்ததை மங்கு என்பார்கள். முட்டியில் இருப்பதை அண்டித்தோட்டு எண்ணெய் பட்ட புண் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த எண்ணெய் உண்மையிலேயே கையைப் பொத்துவிடக்கூடியது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இரத்தப் பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு நொதிகளின் அளவு கூடியிருந்தால் கல்லீரல் கோளாறு என்பதே பொது எண்ணம். இந்த நொதிகள் தசையிலும் உள்ளன. தசை சிதையும்போதும் அவை இரத்தத்தில் உயரும். அறிக்கையைப் பார்த்தவர்கள் காமாலைக்கு மருந்து கொடுப்பதும், வீட்டில் கீழாநெல்லி அரைப்பதும் நடக்கக்கூடியதே. சிகே எனப்படும் கிரியேட்டின் கைனேஸ் என்ற இன்னொரு நொதியை அளந்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். சில நூறு ரூபாயில், சாதாரணப் பரிசோதனை நிலையத்தில் முடிகிற காரியம் அது. சிலரிடம் அது கூடாமலும் இருக்கலாம். அப்போது எம்ஆர்ஐ, தசைத் துணுக்கு ஆய்வு, எதிர்ப்பொருள் பரிசோதனை என்று மேலே செல்லவேண்டும். எப்படியானாலும் முதல் பரிசோதனையைக் கேட்பதற்கு யாருக்காவது தோன்றவேண்டும். தோன்றுவதற்கு, நோயாளி சொன்ன சொல் காதில் விழுந்திருக்கவேண்டும்.

இங்கே ‘வாதம்’ என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். சித்த மருத்துவத்தில் வாதம் மிக நுட்பமான ஒரு கருத்து. யூகி முனிவரின் பெயரால் வழங்கும் நூல் வாத நோய்களை 80 என்று வகைப்படுத்துகிறது. அந்த நுட்பமெல்லாம் பேச்சுவழக்கில் உதிர்ந்துவிட்டது. இன்று மூட்டு வீங்கினாலும் வாதம், நரம்பு பிசகினாலும் வாதம், மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக் கைகால் விழுந்தாலும் வாதம், தசை நலிந்தாலும் வாதம். எல்லாவற்றையும் குறிக்கும் சொல் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. ‘வாதம்தான், எண்ணெய் போட்டால் போதும்’ என்ற ஒரு வாக்கியம் நோயாளியின் ஆறு மாதங்களை விழுங்கிவிடலாம்.

வர்ம ஆசான்களின் நாடு இது. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களை விரலால் அறிந்த மரபு. அடிபட்டவனையும் சுளுக்கியவனையும் அவர்கள் எழுப்பி நடக்கவைத்ததை நாம் பார்த்தே வளர்ந்தோம். அந்த மரபைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமில்லை. ஆனால் அடி, பிசகு, சுளுக்கு ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வந்த காரணம் உண்டு. அழற்சி கொண்ட தசையில் அப்படியொரு காரணம் கிடையாது. ‘எங்கேயோ விழுந்திருப்பே, நினைவில்லை’ என்று ஊகித்துத் தடவலும் கிழியும் தொடர்ந்துகொண்டிருக்க, உள்ளே நெருப்பு வேறு இடங்களுக்குப் பரவும். தொண்டைத் தசை தளர்ந்து கஞ்சி புரையேறும். நுரையீரல் திசு இறுகி மூச்சு வாங்கும். இந்த நிலைகளில் ஒரு வாரத் தாமதமும் அதிகம்.

அப்படியானால் மருத்துவ வசதியே இல்லாத ஊரா இது என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் மீது 1922இலும் 1924இலும் ஏறச்சென்ற ஹோவர்ட் சாமர்வெல் பின்னர் பல்லாண்டுகள் அறுவை மருத்துவராகப் பணியாற்றியதும் அங்கேதான். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் காதரின் பூத் மருத்துவமனை ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2001 முதல் இயங்குகிறது. சுமார் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையமும் உள்ளன. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டமும் இதுவே. ஆகவே கட்டடமும் படிப்பும் மட்டும் போதவில்லை என்பது தெளிவு.

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை? வர்ஜீனியா உல்ஃப் 1926இல் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலும் போரும் இலக்கியத்தில் பெற்ற இடத்தை நோய் ஏன் பெறவில்லை என்பது அவர் வியப்பு. நோயாளி மருத்துவரிடம் தன் வேதனையைச் சொல்ல முற்படும்போது மொழி வறண்டுபோகிறது என்றும் அவர் குறைப்பட்டார். ஆங்கிலத்துக்கு அந்தக் குறை இருக்கலாம். நமக்கு வந்திருக்கும் இடர் வேறு வகையானது. நம்மிடம் சொல் இருக்கிறது. வலியையும் இயலாமையையும் பிரித்துக்காட்டும் துல்லியமான சொல் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. ஈழத்தமிழரும் ‘ஏலாது’ என்றுதான் நாள்தோறும் சொல்கிறார்கள். தசையழற்சியின் தலையாய அறிகுறியை மருத்துவ நூல்கள் எத்தனையோ சொற்களில் விளக்குகின்றன. நம் ஊர்க் கிழவி அதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறாள். நமக்குத்தான் அது கேட்பதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானரின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. தன்னுடல் தாக்கு நோய்களில் ஒன்றான லூபஸ் அவருக்கு இருபத்தைந்தாம் வயதில் வந்தது. அவர் தந்தையையும் 1941இல் கொன்றது அதே நோய்தான். ஜார்ஜியாவில் தாயின் பண்ணைவீட்டுக்குத் திரும்பி, மயில்களை வளர்த்து, ஊன்றுகோல்களின் துணையோடு நடந்து, காலையில் சில மணிநேரம் மட்டும் எழுதி, 1964இல் 39ஆம் வயதில் மறைந்தார். தமக்குள்ள வலு எவ்வளவு என்று கணக்கிட்டு, அதை எழுத்துக்கு மட்டும் ஒதுக்கியவர். அந்தக் கணக்கை மதிக்க அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு அப்படிக் கணக்குப் போட உரிமை உண்டு? விடிகாலை முற்றம் தூப்பதில் தொடங்கி இரவு பாத்திரம் கழுவுவதுவரை அவர்களின் ஏலாமைக்கு ஒதுக்கப்பட்ட நேரம் என்று எதுவும் இல்லை. நோய் பெண்களையே அதிகம் தாக்குகிறது. ‘ஏலாது’ என்று சொல்லும் தகுதி பெண்களுக்கே குறைவாக வழங்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தாமதம் பிறக்கிறது.

நம் எழுத்தாளர்கள் இந்த மண்ணின் பேச்சைச் சேகரித்ததில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்திலிருந்து தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ வரை, நாஞ்சில் நாடனின் கட்டுரைகள் வரை, உறவுமுறைக்கும் சமையலுக்கும் வேளாண்மைக்கும் கடலுக்கும் உரிய சொற்கள் அச்சேறிவிட்டன. உடம்பு தன் குறையைச் சொல்லும் சொற்களை யாராவது தொகுக்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். தசை துவளுவதற்கும் மரத்துப்போவதற்கும் உளைச்சலுக்கும் கடுப்புக்கும் குடைச்சலுக்கும் ஏலாமைக்கும் வேறுபாடு உண்டு. தருமபுரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ ஆசாரிபள்ளத்துக்குப் பயில வரும் இளம் மருத்துவருக்கு அந்த வேறுபாடு தெரிய வழியில்லை. ஒரு சிறு கையேடு அவர் மேசையில் இருந்தால் அது பல பரிசோதனைக் கருவிகளுக்கு ஈடாகும்.

கண்டுபிடித்தால் என்ன பயன் என்ற கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். கார்டிசோன் முதன்முதலில் ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1948இல். அதற்காக 1950இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஸ்டீராய்டு வகை மருந்துகளே இன்றும் தசையழற்சிக்கு முதல் மருந்து. பிரிட்டிஷ் நடிகர் லாரன்ஸ் ஒலிவியேவுக்கு 1974இல் டெர்மட்டோமயோசைட்டிஸ் கண்டறியப்பட்டது. ‘மாரத்தான் மேன்’ படத்தில் அவர் நடித்தது அதன்பிறகு. 1989 வரை வாழ்ந்தார். மெத்தோட்ரெக்சேட், அசாதையோப்ரின் போன்ற மருந்துகளும், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின், ரிட்டுக்சிமாப் போன்ற விலையுயர்ந்தவையும் இன்று கைவசம் உள்ளன. முழுக்குணம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் தசை சிதைந்து கொழுப்பாக மாறுவதற்குமுன் தொடங்கினால் எழுந்து நடமாடும் வாழ்க்கையைப் பெரும்பாலும் மீட்கலாம்.

இந்த மருந்துகள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கத்தக்கவையும் இல்லை. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நெடுங்காலம் தின்றால் அதுவே தசையை மெலிவிக்கும். இந்நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே உலை. முழு ஓய்வே மருந்து என்ற பழைய கருத்தும் மாறிவிட்டது. மருத்துவரின் மேற்பார்வையில் செய்யும் அளவான உடற்பயிற்சி தசைக்கு நல்லது என்பது இப்போது நிலைபெற்றுவிட்டது. வயதுவந்தவர்களுக்கு டெர்மட்டோமயோசைட்டிஸ் வந்தால் உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடவேண்டும். இவையெல்லாம் மருந்துச் சீட்டோடு நோயாளியின் மொழியிலேயே சொல்லப்படவேண்டியவை.

அரிதான நோய் ஒன்றுக்காகக் களைத்த பெண்களையெல்லாம் பயமுறுத்தவேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். ஏலாமை ஓய்வெடுத்தாலும் தீராது. களைத்தவர் முயன்றால் எழுந்துவிடுவார். தசை நலிந்தவர் எவ்வளவு முயன்றாலும் கையை ஊன்றித்தான் எழுவார். மேலும், தைராய்டுக் குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை, பொட்டாசியம் குறைதல், கொழுப்பைக் குறைக்கத் தின்னும் ஸ்டாட்டின் மாத்திரையின் பக்கவிளைவு, இமையும் தொண்டையும் தளரும் மயஸ்தீனியா கிரேவிஸ் ஆகிய பலவும் ஏலாமை என்றுதான் தம்மை அறிவிக்கின்றன. இவற்றில் சில மிகச் சாதாரணமானவை, எளிதில் தீர்க்கத்தக்கவை. ஆகவே ஏலாமைக்குக் காதுகொடுப்பதால் அரிய நோயாளிகள் சிலர் மட்டும் பயன்பெறுவார்கள் என்பதில்லை.

நாம் கேட்பது பெரிய காரியம் எதுவுமில்லை. வீட்டிலும் சரி, மருத்துவமனை வரிசையிலும் சரி, ‘எங்கே வலிக்குது?’ என்று நிறுத்திக்கொள்ளாமல் ‘முன்னே செய்ததில் இப்போ எதைச் செய்ய ஏலவில்லை?’ என்று இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுவோம். ‘மாடிப்படி’ என்றோ ‘முடி பின்னுவது’ என்றோ ‘தரையிலிருந்து எழுவது’ என்றோ பதில் வந்து, அது வாரக்கணக்கில் கூடிக்கொண்டும் வருமானால், தைலத்தை அப்புறம் வைத்துவிட்டு ஒரு சிகே பரிசோதனைக்கு எழுதித்தரும்படி மருத்துவரைக் கேட்கலாம்.